கையால் துருவிய பிமென்டோ சீஸ்: முழுமையான வழிகாட்டி

அமெரிக்காவின் தென் கரோலினா மாநிலத்தில் ஒரு வீட்டில் சாவு விழுந்தால், பொழுது சாய்வதற்குள் அந்த வீட்டுச் சமையலறை மேசை நிறைந்துவிடும். துக்க வீட்டார் அடுப்பைப் பற்றி நினைக்கவே வேண்டியதில்லை. அக்கம்பக்கத்தார் கொண்டுவந்து வைத்த பொரித்த கோழிக்கும் உருளைக்கிழங்கு சாலட்டுக்கும் நடுவில், ஆரஞ்சு நிறத்தில் சிவப்புத் துணுக்குகள் தெரிய ஒரு கிண்ணம் இருக்கும். அதுதான் பிமென்டோ சீஸ். பிரெட்டில் தடவிச் சாப்பிடுவது. கல்யாணம், சர்ச் விருந்து, பிள்ளைகளின் டிபன் டப்பா, ஏரிக்கரைக்குப் போகும் ஞாயிற்றுக்கிழமை, எல்லாவற்றுக்கும் அதே கிண்ணம்தான் வரும்.

நான் இதைக் கற்றுக்கொண்டது அந்த மாநிலத்தின் கிரீன்வில் ஊரில், பக்கத்து வீட்டு அம்மாவிடம். எண்பதை நெருங்கியவர். அந்தப் பக்கத்து வழக்கப்படி பெரியவர்கள் பெயருக்கு முன்னால் 'மிஸ்' சேர்த்துத்தான் எல்லாரும் கூப்பிடுவார்கள், நானும் அப்படித்தான் கூப்பிட்டேன். அவர் வீட்டுச் செய்முறை எந்தத் தாளிலும் இல்லை. அளவு கேட்டபோது, "அளவை விடு ஹனி, கையைப் பார்" என்றார். நானும் கையைப் பார்த்தேன். ஆனால் கிண்ணத்துக்கு அடியில் சமையல் தராசையும் வைத்துக்கொண்டேன். அப்படி மூன்று நான்கு முறை எடை போட்டுக் குறித்த கணக்குதான் கீழே வருகிறது.

இதில் முக்கியமான பொருள் மூன்றே மூன்று: செடார் சீஸ், பிமென்டோ மிளகாய், மயோனைஸ். வெங்காயம் சேர்ப்பதா, சர்க்கரை சேர்ப்பதா என்று வீட்டுக்கு வீடு சண்டை உண்டு. எந்த வீட்டுக் கட்சியில் வேண்டுமானாலும் நீங்கள் சேர்ந்துகொள்ளலாம். சீஸைக் கையால் துருவ வேண்டும் என்பதில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள்.

பிமென்டோ என்பது எது

சதைப்பற்றான, இதய வடிவிலான சிவப்பு மிளகாய். மிளகாய் என்று பெயரே தவிர, காரம் இல்லை என்றே சொல்லலாம். குடைமிளகாயைவிட இனிப்பும் மணமும் கூடுதல். ஸ்பானிய மொழியில் இது பிமியென்டோ. அமெரிக்கத் தெற்கில் ஓர் எழுத்து உதிர்ந்து பிமென்டோ ஆயிற்று. வயதானவர்கள் வாயில் அது இன்னும் தேய்ந்து 'பமினா சீஸ்' என்று கேட்கும். ஜமைக்காக்காரர் கடையில் பிமென்டோ கேட்டால் ஆல்ஸ்பைஸ் என்ற மசாலாப் பொருளைக் கொடுப்பார்கள். அது வேறு பொருள்.

பாட்டி காலத்துத் தெற்கத்திப் பண்டம் என்று எல்லாரும் நம்பும் இது, உண்மையில் வடக்கிலிருந்து வந்தது. 1900-களின் தொடக்கத்தில், நியூயார்க் பக்கத்து மென்மையான கிரீம் சீஸோடு ஸ்பெயினிலிருந்து டின்னில் வந்த பிமென்டோவைக் கலந்ததுதான் முதல் வடிவம். அன்று அது நாசூக்கான பண்டம், விலையும் அதிகம். தெற்கில் உள்ள ஜார்ஜியா மாநிலத்தின் கிரிஃபின் ஊர் விவசாயிகள் ஸ்பெயினிலிருந்து விதை வரவழைத்துப் பயிரிட்ட பிறகு கதை மாறியது. பிமென்டோவின் தோல் தடிப்பு. ஒவ்வொன்றாகச் சுட்டு உரித்துக் கட்டுப்படி ஆகாது. 1914-ல் அந்த ஊர்க்காரர் ஒருவர் சுட்டுத் தோலெடுக்கும் இயந்திரத்தை உருவாக்கினார். அடுத்த சில ஆண்டுகளில் ஜார்ஜியாவில் டின் ஆலைகள் பெருகின, பிமென்டோ மலிவானது. கிராமத்து மளிகைக் கடைகளில் வட்டக் கட்டியிலிருந்து வெட்டிக் கொடுத்த 'ஹூப் சீஸ்' கிரீம் சீஸின் இடத்தைப் பிடித்தது. வடக்கு இதை மறந்துபோனது. தெற்கு தன் வீட்டுப் பிள்ளையாக்கிக்கொண்டது.

வட, தென் கரோலினாக்களில் அதற்கு இன்னொரு காரணம் பஞ்சாலைகள். மிஸ் அவர்களின் அம்மா கிரீன்வில் பக்கத்து ஆலையில் வேலை பார்த்தவர். தறிகளுக்கு நடுவே தின்பண்ட வண்டி ஒன்று உருண்டு வரும். அதற்கு 'டோப் வேகன்' என்று பெயர். டோப் என்றால் அன்றைய வழக்கில் கோகா கோலா. அந்த வண்டியில் பாட்டிலோடு, மெழுகுத் தாளில் சுற்றிய பிமென்டோ சீஸ் சாண்ட்விச்சும் இருக்கும். ஒரு கை தறியில் இருக்க இன்னொரு கையால் சாப்பிட்டு முடித்துவிடலாம். அம்மா பாதி சாண்ட்விச்சை மடித்து வீட்டுக்குக் கொண்டுவருவார், அதன்மேல் பஞ்சுத் தூசி ஒட்டியிருக்கும், ஊதிவிட்டுச் சாப்பிடுவோம் என்றார் மிஸ். அதைச் சொல்லும்போது உள்ளங்கையைக் குவித்து நிஜமாகவே ஊதிக் காட்டினார்.

தேவையானவை

செடார் சீஸ், கட்டியாக: 450 கிராம்
பிமென்டோ: 113 கிராம் பாட்டில் 2
மயோனைஸ்: அரை கப் (120 மில்லி), தேவைப்பட்டால் இன்னும் 2 மேசைக்கரண்டி
துருவிய வெங்காயம்: 1 தேக்கரண்டி
காயென் மிளகாய்த்தூள்: கால் தேக்கரண்டி
மிளகுத்தூள்: கால் தேக்கரண்டி
வூஸ்டர்ஷயர் சாஸ்: அரை தேக்கரண்டி, விருப்பப்பட்டால்
உப்பு: கடைசியில் ருசி பார்த்து

இந்த அளவுக்குப் பன்னிரண்டு சாண்ட்விச் வரும். மூன்று பேர் உள்ள வீட்டுக்குப் பாதி போதும்.

சீஸ் வாங்கும்போது

பொட்டலத்தில் 'ஷார்ப்' என்று போட்டிருப்பது பல மாதம் பதப்பட்ட செடார். நாக்கின் ஓரத்தைச் சுண்டும் புளிப்பு இருக்கும். 'எக்ஸ்ட்ரா ஷார்ப்' இன்னும் முதிர்ந்தது, சுவை ஆழம், ஆனால் உதிரும். முழுக்க அதையே போட்டால் கலவை வறண்டுவிடும். பாதி ஷார்ப், பாதி எக்ஸ்ட்ரா ஷார்ப் என்பதுதான் மிஸ் வீட்டுக் கணக்கு. ஆரஞ்சு நிறச் செடாரில் இருப்பது அன்னாட்டோ விதையின் சாயம். சுவையில் வித்தியாசம் இல்லை. ஆனால் வெள்ளைச் செடாரில் செய்தால் தெற்கத்திக்காரர்கள் கிண்ணத்தை இரண்டாவது முறை திரும்பிப் பார்ப்பார்கள்.

பையில் துருவி விற்கும் சீஸ் வேண்டாம். ஒன்றோடொன்று ஒட்டாமல் இருக்க அதில் ஸ்டார்ச்சோ செல்லுலோஸ் பொடியோ தூவியிருப்பார்கள். அந்தப் பூச்சு மயோனைஸைப் பிடிக்க விடாது. முதல் முறை நான் அந்தப் பையை வாங்கி, மிக்ஸியிலும் ஓட்டி, ஒரு சர்ச் விருந்துக்குக் கொண்டுபோனேன். நாக்கில் மாவு போல நின்றது. கிண்ணம் போனபடியே திரும்பி வந்தது. மிஸ் ஒரு கரண்டி சாப்பிட்டுவிட்டு எதுவும் சொல்லவில்லை. மறுநாள் காலை தன் துருவியை எடுத்துக்கொண்டு எங்கள் வீட்டுக் கதவைத் தட்டினார்.

தமிழ்நாட்டிலிருந்து செய்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. க்யூப் சீஸ், ஸ்லைஸ் சீஸ் எல்லாம் பதப்படுத்திய சீஸ். புளிப்பும் இருக்காது, துருவினால் ரப்பர் போல இழுக்கும். செடார் என்றே போட்ட கட்டியைத் தேடி வாங்குங்கள். சைவம் பார்ப்பவர்கள் பொட்டலத்தில் பச்சைப் புள்ளி இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். சில சீஸ்களில் பாலைத் திரிக்கக் கன்றுக்குட்டி வயிற்று நொதியைச் சேர்ப்பார்கள். வூஸ்டர்ஷயர் சாஸில் நெத்திலி வகை மீன் இருக்கும், அதையும் விட்டுவிடலாம்.

முதல் படி: பிமென்டோவை வடிப்பது

பாட்டிலைத் திறந்து வடிகட்டியில் கொட்டிக் கால் மணி நேரம் விடுங்கள். வடிந்த சாற்றைக் கொட்டிவிடாதீர்கள், பின்னால் தேவைப்படும். பிறகு மிளகாயை ஒரு பருத்தித் துணியில் பரப்பி, மடித்து, உள்ளங்கையால் அழுத்தி ஈரத்தை எடுங்கள். முறுக்கிப் பிழிந்தால் கூழாகிவிடும், வெறுமனே ஒற்றினால் போதும். இந்த இடத்தில் அவசரப்பட்டால் மறுநாள் கிண்ணத்தின் ஓரத்தில் தண்ணீர் கட்டி நிற்கும். பெரிய துண்டுகளாக இருந்தால் கத்தியால் நறுக்கி, கடலைப்பருப்பு அளவுக்குக் கொண்டுவாருங்கள்.

பாட்டில் கிடைக்காத ஊரில் இரண்டு பெரிய சிவப்புக் குடைமிளகாய் போதும். கொத்சுக்குக் கத்தரிக்காய் சுடுவது போல நேரடித் தீயில் திருப்பித் திருப்பிச் சுடுங்கள். தோல் முழுக்கக் கருகியதும் ஒரு பாத்திரத்தில் போட்டு மூடி, கால் மணி நேரம் புழுங்க விடுங்கள். தோல் விரலோடு வந்துவிடும். குழாயடியில் கழுவாதீர்கள், சுட்ட மணம் முழுக்கத் தண்ணீரோடு போய்விடும். கரும் துணுக்கு ஒன்றிரண்டு ஒட்டியிருந்தால் இருக்கட்டும். விதையை நீக்கி நறுக்கி, அரை தேக்கரண்டி வினிகரும் ஒரு சிட்டிகை சர்க்கரையும் சேர்த்துப் பிசறி, பத்து நிமிடம் ஊறியதும் வடித்துக்கொள்ளுங்கள். பாட்டில் பிமென்டோவில் இருக்கும் இலேசான புளிப்பு இதில் வந்துவிடும். என் கணக்கில், சுட்ட மிளகாய் பாட்டிலை விடவே நன்றாக இருக்கிறது. மிஸ் இதை ஒப்புக்கொள்ளவில்லை.

இரண்டாம் படி: துருவுவது

சீஸ் ஃபிரிட்ஜிலிருந்து நேராகத் துருவிக்கு வர வேண்டும். இளகிய கட்டி துருவியின் கண்களில் அப்பிக்கொள்ளும். 300 கிராமைப் பெரிய கண்ணிலும் 150 கிராமைச் சின்னக் கண்ணிலும் துருவுங்கள். இதுதான் இந்தச் செய்முறையின் உயிர். சின்னத் துருவல் மயோனைஸோடு கரைந்து பசையாகி எல்லாவற்றையும் பிடித்து வைக்கிறது. பெரிய துருவல் கரையாமல் நின்று பல்லுக்குக் கொஞ்சம் வேலை வைக்கிறது. முழுக்கப் பெரிதாகத் துருவினால் உதிரும், முழுக்கச் சிறிதாக என்றால் களி.

முந்தைய தலைமுறையில் மேசை விளிம்பில் திருகி மாட்டும் இரும்பு அரவை இயந்திரம் இருந்தது. கைப்பிடியைச் சுற்றுவது வீட்டிலேயே சிறிய பிள்ளையின் வேலை. மிஸ் வீட்டில் அது இன்னும் பரணில் இருக்கிறது. அவர் பயன்படுத்துவது நான்கு பக்கத் தகரத் துருவி. அதன் மேல் கைப்பிடி தேய்ந்து மழமழவென்று இருக்கும். துருவும்போது கட்டியை விரலால் பிடிக்காமல் உள்ளங்கையின் அடிப்பகுதியால் தள்ளுவார். கடைசியில் கைக்கும் துருவிக்கும் நடுவில் மெலிந்த துண்டு ஒன்று மிஞ்சும், ஒரு பக்கம் வழவழப்பு, மறுபக்கம் சீப்புப் பல் போல வரி வரியாக. அதைத் துருவக் கூடாது. பக்கத்தில் யார் நிற்கிறார்களோ அவர்களுக்கு. அவர் பிள்ளைகளுக்கு அறுபது வயது ஆகப்போகிறது. சீஸ் துருவும் சத்தம் கேட்டால் இன்னும் வந்து நிற்கிறார்கள்.

துருவியதை அகலத் தட்டில் பரப்பி இருபது நிமிடம் வெளியே வையுங்கள். சில்லிட்ட துருவல் மயோனைஸோடு சேராது.

மூன்றாம் படி: வெங்காயச் சண்டையைத் தீர்ப்பது

மிஸ் பிறந்த வீட்டில் வெங்காயம் உண்டு, புகுந்த வீட்டில் கிடையாது. ஐம்பது வருடமாகக் கிறிஸ்துமஸுக்கு இரண்டு கிண்ணம். சேர்ப்பதாக இருந்தால் நறுக்க வேண்டாம், சின்னக் கண்ணில் துருவிச் சாற்றைப் பிழிந்துவிட்டு ஒரு தேக்கரண்டி மட்டும். அதற்கு மேல் போனால் இரண்டாம் நாள் சீஸ் மணமே இருக்காது, வெங்காயம்தான் முன்னால் நிற்கும். சர்க்கரை ஒரு சிட்டிகை போடும் வீடுகள் உண்டு. நான் போடுவதில்லை. ஊறுகாய் போட்ட ஹலபீனோ மிளகாயை நறுக்கிப் போடுவது பிந்தைய வழக்கம், காரப் பிரியர்களுக்கு நன்றாகவே இருக்கும்.

நான்காம் படி: மயோனைஸ்

கிரீன்விலில் மயோனைஸ் என்றால் ட்யூக்ஸ். யூஜினியா ட்யூக் என்ற பெண்மணி 1917-ல் முதல் உலகப் போருக்காகப் பயிற்சி எடுத்த கேம்ப் செவியர் முகாம் சிப்பாய்களுக்குத் தன் சமையலறையில் சாண்ட்விச் செய்து பத்து சென்ட்டுக்கு விற்றார். பிமென்டோ சீஸும் அதில் ஒன்று. பிறகு சாண்ட்விச்சை விட அதில் தடவிய மயோனைஸுக்கே பெயர் வந்துவிட, அதைப் பாட்டிலில் அடைத்து விற்றார். 1929-ல் அந்தத் தொழில் ரிச்மண்ட் நகரத்து சாவர் கம்பெனிக்குக் கைமாறியது. அதில் இன்றும் சர்க்கரை இல்லை, வினிகரின் புளிப்பு தூக்கலாக இருக்கும். செடாரின் கொழுப்பை வெட்டுவது அந்தப் புளிப்புதான். உங்களுக்குக் கிடைப்பது இனிப்பான மயோனைஸ் என்றால், குறிப்பாக முட்டை சேர்க்காத வகைகள் பல அப்படித்தான் இருக்கும், அரை தேக்கரண்டி எலுமிச்சைச் சாறும் ஒரு சிட்டிகை கடுகுப் பொடியும் கலந்துகொள்ளுங்கள்.

ஐந்தாம் படி: சேர்ப்பது

அகலக் கிண்ணத்தில் முதலில் மயோனைஸ், பிமென்டோ, வெங்காயம், காயென், மிளகு, சாஸ். இவை ஒன்றாகக் கலந்த பிறகு சீஸ். முதலில் சின்னத் துருவல் முழுவதும். முள்கரண்டியின் முதுகால் கிண்ணத்தின் பக்கவாட்டில் அழுத்தித் தேயுங்கள், ஒரு நிமிடத்தில் வெளிர் ஆரஞ்சுப் பசையாக வரும். பிறகு பெரிய துருவலை இரண்டு தவணையாகப் போட்டு, இனி அழுத்தாமல், அடியிலிருந்து மேலே புரட்டுங்கள். எலுமிச்சைச் சாதம் கிளறும் கை வேண்டும். பருக்கை உடையக் கூடாது என்ற அதே கவனம்.

பதம் பார்க்கும் விதம்: முள்கரண்டியால் ஒரு கோடு இழுங்கள். கோடு மூடாமல் நிற்க வேண்டும், ஆனால் ஓரங்கள் பிளந்து உதிரக் கூடாது. உதிர்ந்தால் எடுத்து வைத்த பிமென்டோ சாறு ஒரு தேக்கரண்டி விடுங்கள். அதற்கும் மசியாவிட்டால்தான் இன்னும் மயோனைஸ். தளர்ந்துபோனால் ஒரு கைப்பிடி சீஸ் துருவிச் சேர்ப்பதைத் தவிர வழியில்லை. உப்பு இப்போது வேண்டாம்.

ஆறாம் படி: ஊற வைப்பது

மூடி ஃபிரிட்ஜில் குறைந்தது இரண்டு மணி நேரம், முடிந்தால் ஓர் இரவு. கலந்த உடனே சாப்பிட்டால் சீஸ் தனி, மயோனைஸ் தனி என்று நாக்குக்குத் தெரியும். மறுநாள் காலை பிமென்டோவின் சிவப்பு இலேசாகப் பரவி, மூன்றும் ஒரே சுவையாகியிருக்கும். அப்போது ருசி பார்த்து உப்புப் போடுங்கள். பெரும்பாலும் தேவைப்படாது, சீஸிலும் மயோனைஸிலும் இருப்பதே போதும். குளிரில் கெட்டியாகிவிடும் என்பதால் பரிமாற இருபது நிமிடத்துக்கு முன் வெளியே எடுங்கள்.

எப்படிச் சாப்பிடுவது

சாதாரண வெள்ளை பிரெட், அதுவும் மெத்தென்று இருக்க வேண்டும். வறுக்கக் கூடாது. ஒரு சாண்ட்விச்சுக்கு 60 கிராம் வைத்து, நடுவில் குவிக்காமல் நான்கு மூலைக்கும் இழுத்துத் தடவி, பிறகு ஓரத்தை வெட்டுங்கள். முதலில் ஓரத்தை வெட்டினால் விளிம்பு வரை தடவ வராது. விருந்துக்கு என்றால் முக்கோணமாக வெட்டி, ஈரத் துணியால் மூடி வையுங்கள்.

ஜார்ஜியாவின் அகஸ்டாவில் ஏப்ரல் மாதம் நடக்கும் மாஸ்டர்ஸ் கோல்ஃப் போட்டியில் இதே சாண்ட்விச்சைப் பச்சை உறையில் போட்டு ஒன்றரை டாலருக்கு விற்கிறார்கள். 2013-ல் செய்கிறவர் மாறியபோது சுவையும் மாறிவிட்டது என்று ரசிகர்கள் குறைப்பட்டது செய்தித்தாள்கள் வரை போனது.

தென் கரோலினாவின் தலைநகரான கொலம்பியாவில் இதைச் சூடான பர்கர் மேல் வைத்து உருக விடுவார்கள். செலரித் தண்டின் குழியில் நிரப்புவது கொஞ்சம் பழைய பாணி, வீட்டுக்கு யாராவது வந்தால் பெண்கள் செய்து வைப்பது. எனக்குப் பிடித்தது உப்பு பிஸ்கட்டில் கொஞ்சம் எடுத்து வைத்து, வேறு எதுவும் சேர்க்காமல் சாப்பிடுவது.

தெற்கத்தி உணவு வரலாற்றைத் தொகுக்கும் சதர்ன் ஃபுட்வேஸ் அலயன்ஸ் 2003-ல் பிமென்டோ சீஸ் செய்முறைகளையும் நினைவுகளையும் எழுதி அனுப்பச் சொல்லி ஒரு போட்டி வைத்தது. முந்நூறுக்கும் மேல் வந்து குவிந்தன. மூன்று பொருள் சேர்ந்த ஒரு கிண்ணத்துக்கு முந்நூறு செய்முறை எப்படி என்று கேட்பவர்கள், நம் ஊரில் பத்து வீட்டுச் சாம்பாரை வரிசையாக ருசி பார்த்தால் போதும்.

உங்கள் வீட்டிலும் யாராவது கண்ணளவில் எதையாவது செய்கிறவர் இருந்தால், நான் செய்த வேலையைச் செய்யுங்கள். கிண்ணத்தின் வெறும் எடையை முதலில் குறியுங்கள். அவர் ஒவ்வொன்றாகப் போடும்போது எண்ணை மட்டும் எழுதுங்கள், நிறுத்தி நிறுத்திக் கேட்காதீர்கள், கேட்டால் கை தடுமாறும். ஒரு முறை எடுத்த அளவை நம்ப வேண்டாம். மிஸ் வெயில் காலத்தில் மயோனைஸைக் குறைத்துப் போடுகிறார் என்பது எனக்கு மூன்றாவது முறைதான் தெரிந்தது. சமையலறைச் சூட்டில் சீஸ் தானே இளகிவிடும் என்பதால் அது. அவருக்கே அது தெரியாது.

வைத்திருப்பது

காற்றுப் புகாத டப்பாவில் ஃபிரிட்ஜில் ஒரு வாரம் இருக்கும். வீட்டிலேயே பச்சை முட்டையில் அடித்த மயோனைஸ் என்றால் மூன்று நாளுக்குள் முடித்துவிடுங்கள், குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் அது வேண்டாம். சாப்பாட்டு மேசையில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியே இருந்ததைத் திரும்ப எடுத்து வைக்காதீர்கள். வெயில் 32 டிகிரியைத் தாண்டினால் ஒரு மணி நேரம்தான் கணக்கு. சுற்றுலாவுக்குக் கொண்டுபோனால் கிண்ணத்தை இன்னொரு பெரிய பாத்திரத்தில் ஐஸ் கட்டிக்கு நடுவில் வையுங்கள். ஃப்ரீசரில் வைத்தால் மயோனைஸ் திரிந்து எண்ணெய் தனியாகப் பிரியும், எனவே கூடாது.

டப்பாவின் அடியில் கடைசி இரண்டு கரண்டி மிஞ்சும்போது மிஸ் அதைத் தடவக் கொடுப்பதில்லை. காலையில் அடுப்பில் கொதிக்கும் கிரிட்ஸில், அதாவது மக்காச்சோள ரவைக் கஞ்சியில், டப்பாவைக் கவிழ்த்துவிடுவார். அதே கஞ்சியிலிருந்து ஒரு கரண்டி சூடாக டப்பாவில் ஊற்றி, மூடி, குலுக்கி, அதையும் பானையிலேயே திருப்பிக் கொட்டுவார். டப்பா கழுவியது போல இருக்கும்.